ஷிண்ட்லேரியாவைப் பிடித்து அடையாளம் காண

ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஷிண்ட்லேரியா என்ற மிகச் சிறிய மீனைத் தேடுகிறீர்களா? கிரேட் பாரியர் ரீஃப் கடற்பூங்காவின் அனுமதியை வாங்கிவிடுங்கள். பகலில் முக்குளித்துப் பயனில்லை. மீனின் உடல் முழுக்க ஒளி ஊடுருவுவதால் கண்ணில் படாது. இருட்டியதும் விளக்குப்பொறியைக் காயலில் இறக்குங்கள்.

சிக்கியதை வெள்ளைத் தட்டில் ஊற்றி, சேர்ந்து நகரும் இரு கரும்புள்ளிகளைத் தேடுங்கள். அவைதான் கண்கள். செதிலும் நிறமும் இல்லாததால் பலர் இதை ஏதோ மீனின் குஞ்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான். நுண்ணோக்கியில் வயிற்றைப் பாருங்கள். முட்டைகள் தெரிந்தால் அது முதிர்ந்த பெண், நீளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. 2004இல் பெயரிடப்பட்ட ஷிண்ட்லேரியா பிரெவிபிங்குயிஸ் இனத்தில் அளக்கப்பட்ட பெண்கள் 8.4 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை.

மரபணு ஆய்வுக்கு உரியவற்றை எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.