சுமையே இல்லாத போல்ட் எப்படி நீண்டது?

மண்டபம் பக்கம், கடலோரத்தில் ஒரு இரும்புத் தூணுக்கு 200 மி.மீ. போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தோம். காலையில் லோட் செல்லோடு (போல்ட்டின் மேல் உள்ள சுமையை அளக்கும் கருவி) ஒத்துப்போன அல்ட்ராசோனிக் கேஜ் (போல்ட்டுக்குள் ஒலி போய்வரும் நேரத்தை வைத்து நீளத்தை அளப்பது), மதியம் நீட்சியைக் கூடுதலாகக் காட்டியது. மூன்று நாள் வீணானது.

ஒலி கடக்கத் தடவும் ஜெல், ஒலியை அனுப்பும் ப்ரோப், கேபிள் எல்லாம் மாற்றினேன். போல்ட் தலையில் படிந்த உப்பைத் துடைத்தேன். நீளம் தெரிந்த காலிபரேஷன் பிளாக்கில் அளவு சரியாகவே வந்தது. அது நிழலில் பெட்டிக்குள் இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை. ஸ்ட்ரெஸ் ஃபேக்டரை (இழுவிசையால் ஒலி வேகம் மாறுவதற்குக் கேஜில் வைக்கும் திருத்த எண்) மாற்றினேன். அதைச் செய்திருக்கவே கூடாது, காலைக் கணக்கும் கெட்டது.

அப்புறம் வெயிலில் கிடந்த உதிரி போல்ட் ஒன்றை அளந்தேன். சுமையே இல்லாத அதுவும் நீண்டிருந்தது! கேஜின் வெப்பநிலை சென்சார் உள்ள காந்தம், ஃபிளேஞ்சின் (போல்ட்டுகள் மாட்டும் விளிம்புத் தகடு) நிழல் பக்கம், கடற்காற்று படும் இடத்தில் ஒட்டியிருந்தது. அந்தக் குளிர்ந்த அளவை வைத்துத்தான் கேஜ் வெப்பத் திருத்தம் செய்தது. 10 டிகிரிக்கு இந்த நீள இரும்பு சுமார் 0.024 மி.மீ.தான் விரியும். ஆனால் சூடான இரும்பில் ஒலி மெதுவாகப் போவதால் கேஜில் ஏறத்தாழ 0.2 மி.மீ. கூடிவிடும்.

தார்ப்பாய் கட்டி நிழலாக்கி, காந்தத்தைப் போல்ட் தலையிலேயே ஒட்டி, ஃபேக்டரைப் பழையபடி வைத்து, அரை மணி நேரம் கழித்து அளந்தேன். உதிரி போல்ட்டுக்குச் சைபர். மதியமும் லோட் செல்லோடு ஒத்துப்போனது. பெரிய நிம்மதி.