ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'நோ பூட் டிவைஸ்' என்று வந்து நின்றால், உடனே புது டிஸ்க் வாங்க மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு வண்டியை எடுத்துவிடாதீர்கள். டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து, பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பூட் வரிசையில் (எதிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்க வேண்டும் என்ற பட்டியல்) அதை முதலில் வைத்துப் பாருங்கள். தேதியும் பழசாகக் காட்டுகிறதா, உள்ளே எல்லாம் இணையும் பெரிய பலகையான மதர்போர்டில் காசு சைஸில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

பெயரே இல்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்து, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் இரண்டு பக்கமும் கழற்றி, தூசியைத் துடைத்து, நன்றாக அழுத்திச் செருகுங்கள். திருமங்கலத்திலிருந்து குட்டியானையில் குலுங்கி வந்த கம்ப்யூட்டர் என்றால் கோளாறு அநேகமாக இங்கேதான். அப்படியும் வராவிட்டால் வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட் (கேபிள் செருகும் இடம்) என்று மாற்றிப் பாருங்கள். புதிதாக எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் சின்ன டிஸ்க்) போட்டபின் பழைய டிஸ்க் மறைந்ததா? சில மதர்போர்டுகளில் அது ஒரு சாட்டா போர்ட்டை அணைத்துவிடும், அதனால் போர்ட்டை மாற்றினாலே போதும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் தயவுசெய்து திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். உள்ளே பிள்ளைகளின் போட்டோ இருந்தால் நேராக டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுங்கள்.