கலிபோர்னியாவில் உங்கள் காரை இழுத்துப் போய்விட்டால்

கலிபோர்னியாவுக்கு வந்த இரண்டாவது வாரம், சன்னிவேலில் நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது கெஸ்ட் பார்க்கிங் என்று நினைத்து ஓர் இடத்தில் காரை விட்டேன். சாப்பிட்டு முடித்துக் கீழே வந்தால் காரைக் காணோம், ஏசித் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் தரையில் இருந்தது. திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பதறாதீர்கள், 911-ஐயும் கூப்பிடாதீர்கள். அந்த ஊர் போலீஸின் சாதாரண எண்ணுக்குப் போன் செய்து நம்பர் பிளேட்டைச் சொல்லுங்கள். தனியார் இடத்திலிருந்து வண்டியை இழுக்கும் டோ கம்பெனி போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், அதனால் கார் எந்த யார்டில், அதாவது இழுத்த வண்டிகளை வைக்கும் எந்த இடத்தில், கிடக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இழுத்த இடத்திலிருந்து 10 மைலுக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சட்டம் கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 22658-ஆம் பிரிவு, எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நமக்கு மிகவும் பயன்படுவது இதுதான்: டிரக் இன்னும் அந்த வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை என்றால், நீங்கள் வந்து கேட்டவுடன் காரை விட்டுவிட வேண்டும். கொக்கி மாட்டவில்லையா, காசே கிடையாது. மாட்டியாகிவிட்டதா, வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்க முடியாது. அதனால் சட்டையை மாற்றிக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள்!

அப்புறம், இங்கே நிறுத்தினால் இழுத்துப் போவோம் என்று எச்சரிக்கும் போர்டு. போர்டைக் காட்டித்தான் இழுத்தார்கள் என்றால் அது ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும், குறைந்தது 17-க்கு 22 இன்ச், எழுத்து ஓர் இன்ச் உயரம், போலீஸ் எண்ணும் டோ கம்பெனியின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். நான் நுழைந்த பின்பக்க கேட்டில் போர்டே இல்லை, ஆனால் அன்று போட்டோ எடுக்கத் தோன்றவில்லை, மறுமாதம் போய்ப் பார்த்தால் பளபளவென்று புதுசாக ஒன்று தொங்குகிறது. நீங்கள் அன்றைக்கே எல்லா வாசலையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

யார்டில் சண்டை போட்டுப் பயனில்லை, நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் ஒரு நாள் வாடகைதான். பணமாகத்தான் வேண்டும் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், கிரெடிட் கார்டை அவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். ரசீதோடு, இழுக்கச் சொல்லி இடத்துக்காரர் கையெழுத்திட்ட தாளையும், நீங்கள் தப்பாக நிறுத்தியதைக் காட்டும் போட்டோவையும் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் லேப்டாப், குழந்தையின் கார் சீட்டு எல்லாம் உங்களுடையவை, டோ பாக்கியைச் சொல்லி அவற்றைப் பிடித்துவைக்க முடியாது.

போர்டு விதியை மீறி இழுக்கச் சொல்லியிருந்தால் இடத்துக்காரர் டோ கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு உங்களுக்குத் தர வேண்டியிருக்கும், டோ கம்பெனி அளவுக்கு மீறி வாங்கியிருந்தால் வாங்கியதைப் போல நான்கு மடங்கு. இதற்கு வக்கீல் வேண்டாம், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் நீங்களே பேசலாம். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நம்மவர்களில் பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். இது வெறும் பண வழக்கு, குற்ற வழக்கு இல்லை.

தெருவிலிருந்து போலீஸ் சொல்லி இழுத்திருந்தால் கதையே வேறு. உங்களுக்கு வரும் நோட்டீஸில் உள்ள தேதியிலிருந்து 10 நாளுக்குள், இழுத்தது சரிதானா என்று விசாரணை கேளுங்கள்.