மல்லிகை மொட்டுப்புழுவுக்கு மரபணுக் குறிப்பான் உருவாக்கும் முறை

உசிலம்பட்டித் தோட்டத்து மல்லிகையைத் துளைக்கும் மொட்டுப்புழுவும் நிலக்கோட்டைத் தோட்டத்துப் புழுவும் ஒன்றோடொன்று கலந்து பெருகும் ஒரே கூட்டமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கலப்பு இருந்தால், ஓரூரில் மருந்துக்கு மசியாத புழுவின் அந்தத் தன்மை அடுத்த ஊருக்கும் பரவும். இதை அறியவே மரபணுக் குறிப்பான்கள், அதாவது புழுவுக்குப் புழு வேறுபட்டு அடையாளமாகப் பயன்படும் டி.என்.ஏ. பகுதிகள், தேவைப்படுகின்றன.

வேலை தோட்டத்தில் தொடங்குகிறது. விடியுமுன் பூப்பறிக்க வருவோருடன் சென்று, ஊதா நிறம் ஏறி நூலாம்படையால் ஒட்டிக்கிடக்கும் மொட்டுகளைப் பிரித்து, ஒரு செடிக்கு ஒரு புழு மட்டும் எடுக்க வேண்டும். ஒரே செடியில் பல புழுக்களை எடுத்தால் அவை ஒரு தாயின் பிள்ளைகளாக இருந்து கணக்கைக் கெடுக்கும். ஊருக்கு 25 முதல் 30 புழுக்கள் போதும். அவற்றை 95 சதவீத எத்தனாலில் இட்டு, புழுவின் உடல்நீர் அதை நீர்க்கச் செய்வதால் மறுநாள் மாற்ற வேண்டும். குப்பிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதி, மை கரைந்து, ஓர் ஊரின் மாதிரி முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

டி.என்.ஏ.வைத் தலையிலிருந்தும் மார்பிலிருந்தும் மட்டும் பிரித்தெடுத்தால் குடலில் உள்ள மல்லிகையின் டி.என்.ஏ. கலப்பது குறையும். முதலில் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் வழக்கமான 658 எழுத்துப் பகுதியை (எழுத்து என்பது டி.என்.ஏ. வரிசையின் ஓர் அலகு) படித்து இனத்தை உறுதிசெய்ய வேண்டும். அதைப் புரதமாக மாற்றும்போது புரதத்தை அங்கேயே முடிக்கும் நிறுத்தக் குறி இடையில் வந்தால், கிடைத்தது உட்கருவின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்ட, அந்த மரபணுவின் போலிப் படியாக இருக்கலாம்.

பிறகு ஒரு புழுவின் மரபணுத்தொகுதியை மேலோட்டமாக வரிசைப்படுத்தி, மூன்று அல்லது நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட் பகுதிகளைத் தேடி, அவற்றின் இருபுறமும் பிரைமர் (அப்பகுதியைப் படியெடுக்கத் தொடக்கம் தரும் குறுந்துண்டு டி.என்.ஏ.) அமைக்க வேண்டும். இரண்டெழுத்துத் தொடர்கள் ஏராளமாகக் கிடைத்தாலும், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில் உண்மையான உச்சிக்கு அருகே நிழல் உச்சிகளை உண்டாக்கி அளவைக் குழப்புவதால் நான் அவற்றைத் தவிர்க்கிறேன். மொட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழுப்பருவம்; அந்துப்பூச்சி இனங்களில் வேறொரு தொல்லையும் உண்டு: பல இடங்களின் பக்கப்பகுதிகள் ஒன்றுபோல் இருப்பதால், ஒரே பிரைமர் பல இடங்களில் ஒட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு பிரைமரையும் மொத்த வரிசையோடு ஒப்பிட்டு, ஓரிடத்தில் மட்டும் பொருந்துவதையே வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு கழித்தபின் மிஞ்சுவது போதாதெனில், ஒற்றை எழுத்து வேறுபாடுகளுக்கு மாறுவதே நல்லது.

தேறியவற்றை முதலில் எட்டுப் புழுக்களிலும், பின்னர் எல்லா ஊர் மாதிரிகளிலும் சோதிக்க வேண்டும். ஒரு குறிப்பானின் இரு வேறு வடிவங்களை, அதாவது கலப்பு அல்லீல், உடையவை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், உடனே உறவுக்குள் இனப்பெருக்கம் என்று எழுதிவிடக் கூடாது. பிரைமர் ஒட்டும் இடத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் ஓர் அல்லீல் பெருகாமல் மறைந்திருக்கலாம். இவ்வகைப் பூச்சிகளில் பெண்ணுக்குப் பாலினக் குரோமோசோமான இசட் ஒன்றே ஒன்றுதான் என்பதால், அதில் அமைந்த குறிப்பான் எல்லாப் பெண்களிலும் ஒற்றை அல்லீலையே காட்டும். எனவே பாலினம் தெரிந்த, வளர்த்தெடுத்த அந்துப்பூச்சிகள் சிலவற்றையும் சோதனையில் சேர்த்து, அத்தகைய குறிப்பான்களைத் தனியே ஒதுக்க வேண்டும்.