தண்டிலிருந்து தொடங்குங்கள்: பழைய ஸ்டிக் பின் சேகரிக்க

தலையில் கல்லோ உருவமோ பதித்த நீள ஊசிதான் ஸ்டிக் பின். அதைக் கையில் எடுத்ததும் கண் கல்லுக்குத்தான் ஓடும். விற்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் கல்லை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். கல்லைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பின்னைத் திருப்பிப் பிடித்து, தண்டையும் தண்டு தலையோடு சேரும் இடத்தையும் பாருங்கள். அந்தப் பின் எந்தக் காலத்தது, எங்கே செய்தது, பிறகு யார் கைவைத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

19ஆம் நூற்றாண்டு ஆண்கள் கழுத்தில் கட்டிய பட்டுக் கிரவாட் (டைக்கு முந்தைய கழுத்துத் துணி) கலையாமலிருக்கக் குத்திய ஊசி இது. 1890களில் பெண்களும் அணிந்தார்கள். 1920களுக்குப் பின் டை கிளிப் வந்து இதை ஓரங்கட்டியது. நீளம் பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ., எடை 1.5 முதல் 3 கிராம். 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது தொப்பி ஊசி, அதன் கணக்கே வேறு.

வாங்கப் போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைக்கண்ணாடி), 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, நீளம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், ஒரு காந்தம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

பல பழைய பின்களின் தண்டில், மேல்பாதியில், திருகு வரிகளோ வளைந்து வளைந்து போகும் வெட்டுகளோ இருக்கும். வழுக்கும் பட்டில் பின் நழுவி வராமல் பிடித்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. லூப்பில் பாருங்கள். வரிகளின் முகடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் துணியில் ஏறி இறங்கிய தண்டு. முகடுகள் கூராக இருக்க, தலை மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. உடைந்த தோடு, மோதிரம், சட்டைப் பொத்தான் ஆகியவற்றின் தலையை எடுத்துப் புதுத் தண்டில் பற்றவைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. தலையின் ஓரத்தில் வெட்டி அரம் போட்ட தடம், பழைய வளையம் இருந்த மேடு, தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழிந்த ஈயப் பற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இன்னொரு சோதனை: பின்னை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் உருவம் நேராக நிற்க வேண்டும். குதிரைத் தலை ஒருக்களித்துச் சாய்ந்தால் அது வேறெதற்கோ செய்த தலை.

காந்தம் தண்டை இழுத்தால் உடனே கீழே வைத்துவிடாதீர்கள். தங்கத் தலைக்கு எஃகுத் தண்டு வைத்த நல்ல பின்களும் உண்டு. ஆனால் நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் எஃகு துருப்பிடிக்கும் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன் சாலையில் 916 (22 கேரட்) தங்கம் வாங்கிப் பழகிய கண்ணுக்குப் பழைய பிரிட்டிஷ் தங்கம் வெளிறிப்போய், பித்தளையோ என்று தோன்றும். பிரிட்டனில் 1854 முதல் 9, 12, 15 கேரட் தங்கத்துக்கும் சட்ட அனுமதி இருந்தது. 1932இல் 12, 15 இரண்டையும் எடுத்துவிட்டு 14 கேரட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகவே 15, .625 என்ற முத்திரை இருந்தால் பின் அந்த இடைப்பட்ட காலத்தது. பிரெஞ்சுப் பின்னில் கழுகுத் தலை முத்திரையைத் தேடுங்கள். கடுகளவுதான் இருக்கும், தண்டின் கழுத்தருகே ஒளிந்திருக்கும். முத்திரையே இல்லாத அசல் பின்களும் ஏராளம், அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். இரண்டு கிராம் எடையுள்ள 15 கேரட் பின்னில் சுத்தத் தங்கம் 1.25 கிராம்தான். இங்கே வேலைப்பாட்டுக்குத்தான் விலை. தராசுக் கணக்குப் போட்டு வாங்க நினைப்பவர் வளையலே வாங்கலாம்.

தங்கத்தின் மாற்றுப் பார்க்க நகைக்கடை எக்ஸ்ரே கருவியில் வைத்தால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். உரைகல்லில்தான் உரைக்க வேண்டுமென்றால் தண்டின் கீழ்ப்பகுதியை மட்டும் உரைக்கச் சொல்லுங்கள். தண்டு தலையைவிடக் குறைந்த மாற்றாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். உரைத்துப் பார்க்கும் அமிலம் எனாமல் (உலோகத்தில் சுட்டுப் பதித்த கண்ணாடிப் பூச்சு), முத்து, டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) பக்கம் போகவே கூடாது.

இனி கல். சிவப்புக் கல்லில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று கார்னெட் டப்லெட்: மேலே மெல்லிய கார்னெட் சீவல், கீழே கண்ணாடி. கல்லைச் சாய்த்து, மேல்முகத்தில் விளக்கொளி வழுக்கிப் போவதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மினுக்கம் சட்டென்று மாறி ஒரு கோடு தெரியும், அந்தத் தளத்தில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ்கள் நிற்கும். இது மோசடி என்று மட்டும் நினைக்க வேண்டாம், 19ஆம் நூற்றாண்டிலேயே தாராளமாகப் பயன்பட்ட கல்தான். மாணிக்க விலை கொடுக்காமல் இருந்தால் சரி. மற்றது செயற்கை மாணிக்கம். வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தன் உலைமுறையை 1902இல் அறிவித்தார். அதில் வளர்ந்த கல்லுக்குள் கிராமபோன் தட்டு போல வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லின் கோடுகள் நேராகத்தான் போகும். 1870களின் பின் என்று சொல்லி வளைகோட்டுக் கல்லைக் காட்டினால், ஒன்று கல் மாறியிருக்கிறது, இல்லையேல் தேதி தவறு.

பின்புறம் மூடிய அமைப்பில் கல்லுக்கு அடியில் நிறம் கூட்ட மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். உள்ளே ஈரம் புகுந்தால் தகடு கறுத்துக் கல் செத்துப்போகும். அதைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பெரும்பாலும் வழியில்லை.

எனாமலில் கவனிக்க வேண்டியது சிலும்பலும் ஒட்டு வேலையும். அசல் எனாமலைச் சுமார் 750 முதல் 850 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். அந்தச் சூட்டில் கல் வெடிக்கும், பழைய பற்று உருகும். அதனால் பழுதுபார்ப்பவர்கள் பெரும்பாலும் செயற்கைப் பிசினான ரெசினைப் பூசி முடித்துவிடுவார்கள். இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் ரெசின் பகுதி பல நேரம் சுற்றியுள்ள எனாமலிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒளிராவிட்டாலும் கியோஷே வகையில் வேறு தடயம் கிடைக்கும். அதில் எனாமலுக்கு அடியில் இயந்திரம் வெட்டிய நுண்வரிகள் அலையலையாக ஓடும். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓரம்வரை கண்ணை நகர்த்துங்கள். நடுவில் வரி மங்கி, மறுபடி தெளிந்தால், மங்கிய இடம் ஒட்டு.

வளைந்த தண்டை நிமிர்த்த நைலான் வாய்க் குறடு இரண்டு வேண்டும். ஒன்றால் தலைக்கும் வளைவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, மற்றதால் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தலையைப் பிடித்து நிமிர்த்தினால் பற்று விட்டுவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் தங்கம் விறைத்து முறியும். பற்று விட்டுவிட்டால், எனாமல் பின்னைப் பத்தரிடம் கொடுக்கும்போது பொடி வைத்து ஊத வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள் (சொலவடையாக இல்லை, நேர்ப்பொருளிலேயே: பற்றுப்பொடி தூவிச் சுடரை ஊதுவது). சுடர் பட்டால் எனாமல் விரிசல் விடும். லேசர் பற்று வைப்பவரைத் தேடுவதே நல்லது.

அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டையும் மறந்துவிடுங்கள். பின்புறம் திறந்த வைரம், நீலம் மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் மென்மையான தூரிகையுமாகக் கழுவலாம். மூடிய அமைப்பு, ஓப்பல், முத்து, டர்க்காய்ஸ் எல்லாவற்றுக்கும் உலர்ந்த மென்துணி போதும். எசெக்ஸ் கிரிஸ்டல் என்ற வகையில், படிகக் கல்லின் பின்பக்கத்தைக் குடைந்து நாய், நரி, குதிரை ஆகியவற்றை வண்ணத்தில் தீட்டிச் சிப்பித் தகட்டால் மூடியிருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் ஓவியம் போயிற்று.

சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். உலர்பெட்டியை 50 விழுக்காட்டில் வையுங்கள். அதற்கு மிகவும் கீழே இறக்கினால் ஓப்பல் வெடிக்கக்கூடும். பின்களைக் கம்பளித் துணியில் குத்தி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பாலிஎதிலீன் நுரைப்பலகை நல்லது. குத்தும்போதும் எடுக்கும்போதும் விரல் தண்டில் இருக்கட்டும், தலையில் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 தொடக்கத்திலிருந்து 400 சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) வரும் பொருளுக்கும், விற்பவர் இங்கே பதிவு செய்தவராக இருந்தால், வாங்கும்போதே வரி பிடிப்பார்கள். தந்தத் தலைப் பின் பக்கம் போகாதீர்கள்: 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தைச் சிங்கப்பூருக்குள் விற்க முடியாது, நாளை உங்களாலும் விற்க முடியாது. ஆமையோட்டுக்கும் அனைத்துலகக் கட்டுப்பாடு உண்டு.

அணிய விரும்பினால் கோட்டின் காலர் மடிப்புக்கு ஏற்றது. காஞ்சிப் பட்டின் முந்தானையில் குத்தாதீர்கள், அந்தத் தண்டு போட்ட ஓட்டை மூடாது.