கவுண்டி சுகாதாரத் துறை: கையொப்பம் யாருடையது என்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் உட்பிரிவுகளான கவுண்டிகளின் சுகாதாரத் துறைகளைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கும்போது முதல் சறுக்கல் பெயரிலேயே நேர்ந்துவிடுகிறது. கவுண்டியை மாவட்டம் என்று சொன்னவுடன் ஆட்சியர், சுகாதார அலுவலர், இருவருக்கும் மேலே சென்னையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் என்று நம் ஊர் அடுக்கு முழுவதும் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ஆட்சியர் கிடையாது. வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழு, பெரும்பாலான கவுண்டிகளில் ஐந்து பேர் கொண்டது, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது, உள்ளூர்ச் சட்டங்களை இயற்றுகிறது, துறைத் தலைவர்களைத் தானாகவோ தான் அமர்த்திய நிர்வாக அலுவலர் வழியாகவோ நியமிக்கிறது. மாநில சுகாதாரத் துறை தலைநகர் சாக்ரமெண்டோவில் இருக்கிறது என்றாலும் கவுண்டி இயக்குநர் அதன் ஊழியர் அல்லர்.

இதைவிடப் பெரிய தவறு, துறை இயக்குநரையும் சுகாதார அதிகாரியையும் ஒருவராகவே கருதுவது. ஊழியர்கள், பணம், ஒப்பந்தங்கள் ஆகியவை இயக்குநரின் பொறுப்பு. அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சுகாதார அதிகாரியோ மாநிலச் சட்டம் உருவாக்கிய பதவியை வகிப்பவர். ஒவ்வொரு கவுண்டியும் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும், அவர் மருத்துவப் பட்டதாரியாகவும் இருக்க வேண்டும். தொற்று பரவும்போது ஒருவரைத் தனிமைப்படுத்தவும் ஓர் இடத்தை மூடவும் ஆணையிடும் அதிகாரம் சட்டப்படி அவருடையது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கோவிட் காலத்தில் நாள்தோறும் செய்தியாளர்கள் முன் தோன்றிய பார்பரா ஃபெரர் துறையின் இயக்குநர். அவர் முனைவர் பட்டம் பெற்றவரே தவிர மருத்துவர் அல்லர். ஆணைகளில் கையொப்பமிட்டவர் சுகாதார அதிகாரியான மருத்துவர் முண்டு டேவிஸ். சாண்டா கிளாரா கவுண்டியிலோ அதே காலத்தில் இரண்டு பொறுப்புகளையும் மருத்துவர் சாரா கோடி ஒருவரே வகித்தார். ஆகவே ஒரு கவுண்டியின் அமைப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிடக் கூடாது.

2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வெளியான, வீட்டிலேயே இருக்கச் சொன்ன ஆணையை எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். கவனமாகப் படிக்கும்படியும் மீறினால் அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கும் என்றும் எச்சரித்துத் தொடங்கும் அந்த ஆவணம், மாநில சுகாதாரச் சட்டத்தின் பிரிவு எண்களைக் காட்டி, சுகாதார அதிகாரியின் கையொப்பத்தோடு முடிகிறது. ஆளுநரின் பெயரோ மேற்பார்வையாளர்களின் பெயர்களோ அதற்குத் தேவைப்படவில்லை. ஆறு கவுண்டிகளும் பெர்க்லி நகரமும் ஒரே நாளில் ஆணையிட்டன. மாநிலம் முழுவதற்குமான ஆணை மார்ச் 19 அன்றுதான் வந்தது. ஃபிரீமான்டில் குடியிருந்து சன்னிவேலில் வேலை பார்த்தவர் அந்த நாட்களில் இரண்டு சுகாதார அதிகாரிகளின் ஆணைகளுக்கு உட்பட்டிருந்தார், ஏனெனில் முதல் ஊர் அலமேடா கவுண்டியிலும் இரண்டாவது சாண்டா கிளாராவிலும் இருக்கின்றன.

இதைப் படித்தவுடன் சுகாதார அதிகாரியை எவராலும் அசைக்க முடியாது என்ற முடிவுக்குத் தாவுவதும் தவறே. ஆணையிடும் அதிகாரம் அவருடையது. அவரை அந்த நாற்காலியில் அமர்த்துவது மேற்பார்வையாளர் குழு. ஆரஞ்சு கவுண்டியில் 2020 மே மாதம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய சுகாதார அதிகாரி நிக்கோல் குவிக், எதிர்ப்புகளுக்கும் மிரட்டல்களுக்கும் ஆளாகி ஜூன் மாதம் பதவி விலகினார். அவருக்குப்பின் வந்தவர் சில நாட்களிலேயே கட்டாயத்தைப் பரிந்துரையாக மாற்றினார். இடையில் சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

சுகாதாரத் துறை என்றால் ஆஸ்பத்திரி என்று எண்ணுவது நம்மிடையே மிகச் சாதாரணம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் மூன்று தனித் துறைகள் இருக்கின்றன: கவுண்டி மருத்துவமனைகளை நடத்துவது ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, நோய்த்தடுப்பு, தொற்றுக் கண்காணிப்பு, உணவக ஆய்வு போன்றவற்றுக்குப் பொது சுகாதாரத் துறை. இந்தக் கடைசித் துறை 2006 வரை மருத்துவமனைத் துறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. தடுப்பூசிக்கும் காசநோய்க்கும் அதற்குச் சில கிளினிக்குகள் உண்டு. அறுவை சிகிச்சைக் கட்டணத்தைப் பற்றி அங்கே முறையிட்டுப் பயனில்லை. உணவக ஜன்னலில் தொங்கும், 90 புள்ளிகளோ அதற்கு மேலோ எடுத்தால் கிடைக்கும் ‘ஏ’ அட்டை இந்தத் துறை தருவது. ஒரு தொலைக்காட்சி நிலையம் சமையலறைகளை மறைகேமராவில் காட்டியபின் 1998-இல் வந்த வழக்கம் அது. சாண்டா கிளாராவில் அட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் பேசுகிறது. அதை ஒட்டுவதும் பொது சுகாதாரத் துறை அன்று, சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கான தனித் துறை.

எல்லைகளிலும் கவனம் தேவை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருந்தாலும் லாங் பீச்சும் பாசடீனாவும் தங்களுக்கென்று சுகாதாரத் துறையும் சுகாதார அதிகாரியும் வைத்திருக்கின்றன. இவற்றைப் போலவே தனித் துறை வைத்திருக்கும் பெர்க்லியையும் சேர்த்தால் கலிபோர்னியாவில் கவுண்டிகள் 58, உள்ளூர் சுகாதார அமைப்புகள் 61. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வெளியிடும் நோய் எண்ணிக்கையில் லாங் பீச்சும் பாசடீனாவும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று அடிக்குறிப்பைப் பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

கலிபோர்னியாவை வைத்து அமெரிக்கா முழுவதையும் விளக்கிவிடும் ஆசையும் நல்லதன்று. ஃபுளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் சுகாதார அலுவலகங்கள் மாநிலத் துறையின் கிளைகளாகவே இயங்குகின்றன; மாசசூசெட்ஸில் இந்தப் பொறுப்பு 351 நகரங்களிலும் ஊர்களிலும் தனித்தனியாக இருக்கும் சுகாதார வாரியங்களிடம் இருக்கிறது; ரோட் ஐலண்டில் உள்ளூர் சுகாதாரத் துறையே கிடையாது.

பணத்தைப் பற்றிய தவறு அதிகம் பேசப்படுவதில்லை. இயக்குநர் நினைத்தால் ஆட்களை இங்கிருந்து அங்கே மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் நிதியின் பெரும்பகுதி ஒன்றிய அரசிடமிருந்தும் மாநிலத்திடமிருந்தும் இன்ன வேலைக்கு என்று முத்திரை குத்தப்பட்டே வருகிறது. காசநோய் மானியத்தில் சம்பளம் வாங்கும் செவிலியரைத் தட்டம்மைப் பணிக்கு அனுப்புவதற்குக்கூட விதிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். உணவக ஆய்வாளரின் சம்பளமோ பெரும்பாலும் உணவகங்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. துறையின் அமைப்புப் படத்தில் அருகருகே இருக்கும் இரு பெட்டிகளுக்கு நடுவே இப்படியொரு சுவர் இருப்பது அந்தப் படத்தில் தெரியாது.

குழந்தை பிறந்த வீடுகளில் நேரும் ஒரு சிறு தவறும் உண்டு. பாஸ்போர்ட்டுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்டு மருத்துவமனையையே சுற்றி வருவார்கள். மருத்துவமனை விவரங்களைப் பதிவுக்கு அனுப்புவதோடு சரி. சான்றிதழ் நகல் பிறந்த புதிதில் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவிலும், காலம் கடந்தபின் கவுண்டியின் ஆவணப் பதிவாளரிடமும் கிடைக்கும். கலிபோர்னியாவில் பிறப்பு இறப்புகளின் உள்ளூர்ப் பதிவாளர் சுகாதார அதிகாரியே என்பதால், ஊரை மூடும் ஆணையில் கையொப்பமிடும் அதே பதவியின் பெயர்தான் அந்தப் பச்சிளங்குழந்தையின் சான்றிதழிலும் அடியில் இருக்கும்.