கூடிச் செய்யும் சித்திரக்கவி

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் அதை எழுதிப் பழகுவதில்லை. எழுதத் தெரிந்த பெரியவரையும் வரையத் தெரிந்த பிள்ளையையும் ஒரே தாளின் முன் உட்கார வைப்பது, எழுத்துகளை விளையாட்டாகவும் படமாகவும் அடுக்கிப் பாடும் சித்திரக்கவி. அல்சூர் ஏரிக்கரையிலோ கப்பன் பூங்காவிலோ நான்கு பேர் கூடினால் போதும். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் ரப்பரும் கொண்டு செல்லுங்கள்.

முதலில் மாலைமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாமல் வருவது அது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவி வகைகளுள் ஒன்று. 'விகடகவி' பலருக்குத் தெரியும். 'மேகமே', 'கைரேகை', 'குடகு' என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களை முந்திக்கொள்வார்கள். உயிர்மெய்யைப் பிரிக்காமலும் புள்ளி எழுத்தைத் தனி எழுத்தாக எண்ணியும் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுத வேண்டும்.

சொல்லைக் கடந்து அடிக்கு வரும்போதுதான் பலரும் திணறுகிறார்கள். அடியின் கடைசி எழுத்தே அதன் முதலெழுத்தாகவும் நிற்க வேண்டும் என்பதே காரணம். தமிழ்ச்சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது. வழக்கில் கலந்த அயற்சொற்களை விட்டால், ட, ர, ல, ழ, ள, ற, ண, ன ஆகியவற்றின் வரிசையிலும் தொடங்காது. ஆகவே 'மரம்', 'வீடு', 'மழை' போன்ற சொற்களை அடியின் இறுதியில் வைத்தால் அந்த அடி திரும்பி வராது. அத்தகைய எழுத்துகளை நடுவில் இட்டுப் பாருங்கள்: 'பூ தந்த பூ' என்பதில் புள்ளி எழுத்து சரியாக மையத்தில் அமர்ந்திருக்கிறது.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தின் முதற்பாட்டு இதற்குச் சிறந்த பாடம்.

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

இந்த 28 எழுத்துகளில் புள்ளி எழுத்து ஒன்றும் இல்லை, குறிலும் இல்லை. நன்னூல் காட்டும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் நொ, து என்னும் இரண்டு மட்டுமே குறில்; மற்றவை நெடில். தனித்து நின்றே பொருள் தரும் எழுத்துகளை எந்தத் திசையில் அடுக்கினாலும் பொருள் காண இடம் இருக்கும். எனவே புதிதாகத் தொடங்குவோர் வா, நீ, கா, பூ, மா, தா ஆகியவற்றைத் துண்டுத்தாள்களில் எழுதி இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இனி ஓவியம். 'குடகு' என்பதை மேலிருந்து கீழாகவும், 'வாடவா' என்பதை இடமிருந்து வலமாகவும் எழுதினால் நடுவில் உள்ள ட இரண்டுக்கும் பொதுவாகிறது. 'குடகு வாடவா?' என்ற கேள்வியும் பிறக்கிறது. குடகில் பிறக்கும் காவிரியின் நீரைக் குடிக்கும் இந்நகரம் கேட்க வேண்டிய கேள்வி அது. 'விகடகவி'யின் நடுவிலும் ட இருப்பதால் அதை மூலைவிட்டமாகச் சேர்க்கலாம். எழுத்துகள் இப்படி நிலைபெற்ற பிறகே சுற்றிலும் இலையோ நீர்த்துளியோ வரைய வேண்டும். பாம்பு வடிவில் எழுதும் சித்திரக்கவியான நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரு பாம்புகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்வதைக் கவனியுங்கள். படத்தைத் தாங்குவது அந்தச் சந்திப்புகள்தான். ஆகவே பொது எழுத்தை எவரும் மற்றவர் இசைவின்றி மாற்றக் கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது அவசியம்.

'குடகு வாடவா?' என்ற கேள்விக்கு விடையை அந்தாதியாகப் பாடுங்கள். ஒருவர் அடியின் கடைசிச் சொல்லை அடுத்தவர் முதற்சொல்லாக எடுக்க, நான்காம் அடி முதலடியின் தொடக்கச் சொல்லில் முடிந்தால் பாட்டு வட்டமாகி மண்டலித்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு எழுத்து வருத்தனம் பொருந்தும்: கா, காரி, காவிரி என ஒவ்வோர் எழுத்தாகச் சொல் வளர, சோலை, வள்ளல், ஆறு என்ற மூன்று பொருளுக்கும் மூன்று பேர் விடுகதை சொல்லலாம்.

கன்னட நண்பர் உடனிருந்தால், குபேரனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் 'குபேரநிகேநிரபேகு' என்ற தம் மொழியின் மாலைமாற்றைக் கொண்டுவருவார். அவருக்குத் தனிக்கட்டம் போட்டுக் கொடுங்கள். கன்னடத்தில் ஒற்றின் கீழ் அடுத்த எழுத்து ஒட்டிக்கொள்வதால், நமக்கு மூன்று கட்டம் தேவைப்படும் 'அம்மா' அவருக்கு இரண்டே கட்டங்களில் அடங்கிவிடும்.